கையெழுத்து வாங்கிய உவமைகள்

என் டைரியில் அந்தத் திங்கட்கிழமைக்குக் கீழே இவ்வளவுதான் இருக்கிறது: "உவமைப் பாடம். பெற்றோர் வந்தனர். யாரும் அழைக்கவில்லை." (தேதியும் இருக்கிறது. மானம் கருதி விட்டுவிடுகிறேன்.)

மந்தைவெளியில் ஒரு பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தேன். என் வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று தலைமையாசிரியை அந்த வாரம் முடிவு செய்ய இருந்தார். ஏழாம் வகுப்புக்கு உவமை நடத்தினேன். முகத்துக்கு நிலா, பல்லுக்கு முத்து என்று எல்லோரும் ஒன்றுபோல எழுதித் தந்தார்கள். ஒருவரும் ஒரு முகத்தையும் பார்த்து எழுதவில்லை. நானோ, மழை பெய்தது என்றால்கூடக் குடையைத் தொட்டுப் பார்க்கிற ஆள். எனவே வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: வீட்டில் ஒருவருக்கு உவமை எழுதி, பொருத்தம்தான் என்று அவரிடமே கையெழுத்து வாங்கி வர வேண்டும். கையெழுத்துக்குத் தனி மதிப்பெண். (இதைப் புதுமை என்று வேறு நினைத்தேன்.)

திங்கள் காலை தலைமையாசிரியை அறையில் நிற்க இடமில்லை.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் ஆரம்பித்தார். "என் கொறட்டை மெட்ரோவுக்குக் குழி தோண்டுற மிஷின் மாதிரியாம். நான் கையெழுத்துப் போடல சார். எம்பொண்டாட்டி சாட்சிக் கையெழுத்துப் போட்டுருக்கா. நேத்துப் பூரா வீட்டுல பேச்சு கெடையாது."

மயிலாப்பூர் அம்மா ஒருவர் தொடர்ந்தார். "நான் பேசறது தண்ணி லாரிக் குழா மாதிரியாம். தொறந்தா மூடறதுக்கு ஆள் தேடணுமாம்."

"நீங்க கையெழுத்துப் போடலியே?" என்றார் தலைமையாசிரியை.

"எங்காத்துக்காரர் பேனாவைத் தொறந்து கையில திணிச்சுட்டார். இப்போ அதை ஃப்ரேம் போடணுங்கறார்."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். "என்ன சார் இது?"

"சரிபார்ப்பு, மேடம்" என்றேன். அந்தச் சொல் எனக்கு உதவவில்லை.

"உங்களை வச்சுக்கிட்டு நான்..." என்று அவர் தொடங்கும்போது, சைதாப்பேட்டையிலிருந்து வரும் நூர் என்ற மாணவி கூட்டத்துக்குள் புகுந்து ஒரு தாளை நீட்டினாள்.

"வூட்ல யாரும் ஒத்துக்கல மிஸ். அதான் உங்களப் பத்தி எழுதிக்கினு வந்துட்டேன். ஒரு சைன் போடுங்க."

தலைமையாசிரியைக்கு எதையும் உரக்கப் படிக்கிற பழக்கம். படித்தார்: "எங்கள் தலைமையாசிரியை சைதாப்பேட்டைப் பாலம் மாதிரி. கீழே ஆறு எவ்வளவு நாறினாலும் முகம் சுளிக்காமல் எல்லோரையும் அந்தப் பக்கம் சேர்த்துவிடுவார்."

ஜவுளிக்கடைக்காரர் இருமினார். நான் தரையைப் பார்த்தேன். பேனா மூடி கழலும் சத்தம் கேட்டது.

"பொருத்தந்தான்" என்றார் தலைமையாசிரியை. பிறகு மயிலாப்பூர் அம்மாவிடம், "உங்க பொண்ணு எழுதினது தப்பாம்மா?"

"தப்புன்னு யார் சொன்னா? எழுத்துல வேணுமான்னுதான் கேக்கறேன்."

எல்லோரும் போன பிறகு தலைமையாசிரியை என்னிடம் சொன்னார்: "வேலையில இருங்க சார். ஆனா அடுத்த வாரம் பசங்க உங்களப் பத்தி எழுதட்டும். ஒண்ணு விடாம நீங்களே கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். பெரும்பாலானவை என் மூக்கைப் பற்றியவை. இன்றும் மனைவியின் வத்தக்குழம்பை அமிர்தம் என்று புகழ்ந்தால், அவள் தாளும் பேனாவும் எடுத்து வருகிறாள். மகன் சாட்சிக்கு நிற்கிறான்.

அன்று கையெழுத்துப் போடும்போது தலைமையாசிரியை சிரித்தார் என்று நூர் சொன்னாள். ஜவுளிக்கடைக்காரர் இல்லவே இல்லை என்றார். இது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.