முனீஸ் பார்த்த மாடு

"முனீசு, தப்பா நெனச்சுக்காதீங்க. இது மாடுங்களா, இல்ல மாட்டுக்கு வேண்டப்பட்ட வேற எதாச்சுங்களா?"

லிங்கசாமி முதலாளி குரலை உயர்த்தி அந்த பனியன் கம்பெனியில் யாரும் கேட்டதில்லை. திட்டுவதானாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். வாங்கிக்கொண்டவனுக்கு வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கும்போதுதான் வலிக்கும்.

முனீஸ் மேசைமேல் கிடந்த தன் படத்தைப் பார்த்தான். குழந்தைகள் பனியனில் நெஞ்சுப் பக்கம் அச்சடிக்க வேண்டிய மாடு. காலும் கொம்பும் வாலும் கணக்குக்குச் சரியாகவே இருந்தன. ஆனாலும் அது மாடில்லை என்பது வரைந்தவனுக்கே தெரிந்தது.

சாத்தூர்ப் பக்கத்துக்காரன் அவன். செக்கிங் மேசையில் துணிக்கு ஓட்டை பார்க்க வந்து சேர்ந்தவனை, அட்டைப்பெட்டியில் கிறுக்கி வைத்திருந்த படங்களைப் பார்த்துவிட்டு முதலாளிதான் டிசைன் ரூமில் உட்கார வைத்தார். பிரவுசிங் சென்டரில் படம் எடுத்து, அதன்மேல் தாளை வைத்து வரைந்தே நாலு வருஷத்தை ஓட்டிவிட்டான். இந்த முறை பனியன் வாங்க வந்த வெளிநாட்டுப் பையர் அந்தக் குட்டை உடைத்துவிட்டார். உயிருள்ள மாட்டை நேரில் பார்த்துக் கையால் வரைந்த படம் வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டார். மாடு வராவிட்டால் முனீஸ் பழையபடி செக்கிங் மேசைக்கே போய்விடலாம் என்று முதலாளியும் மிகுந்த மரியாதையோடு தெரிவித்தார்.

செக்கிங் மேசையில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் முனீஸுக்குப் பென்சில்தான் உயிர். அதைப் பிடுங்கிவிட்டு ஓட்டை பார்க்கச் சொன்னால் அவன் மூச்சுவிட மறந்துபோவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காதர்பேட்டைக்குப் போனான். பனியன் மொத்த வியாபாரக் கடைகளின் நடுவே ஒரு மாடு நின்று அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு கடை வாசலில் சாய்ந்து நின்று வரைய ஆரம்பித்தான். பாதி முதுகு முடிவதற்குள் தோளில் ஒரு கை விழுந்தது. புது மாடல் பனியன்களைக் கொடியில் தொங்கவிட்டிருந்த கடைக்காரர், எந்தக் கம்பெனிக்கு டிசைன் திருடுகிறீர்கள் என்று தன்மையாகக் கேட்டார். முனீஸ் மாட்டைக் கை காட்டினான். மாடு போய்விட்டிருந்தது. அவன் கை நீட்டிய இடத்தில் பனியன்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

தப்பித்து வந்ததே தெய்வச் செயல். மாடு வரைய மாட்டுச் சந்தைக்கல்லவா போக வேண்டும் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த ஞாயிறு கொமரலிங்கத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்தையில் இறங்கினான்.

அங்கேதான் வம்பு பிடித்தது. கொங்கு நாட்டில் விலைக்கு மாடு பிடிக்கிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்ப்பார்கள். தோலில் முடி எங்கே சுழன்றிருக்கிறது என்று பார்த்து, இந்த மாடு குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வதற்கென்றே ஆட்கள் உண்டு. முனீஸுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் பிறந்தது தீப்பெட்டி ஒட்டுகிற வீட்டில்.

ஒரு வெள்ளைக் கிடாரியின் முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் நெற்றியை உற்று உற்றுப் பார்த்தான். தாளில் ஏதோ கோடு போட்டான். கிடாரி தலையை ஆட்டவும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழித்துவிட்டு எழுந்தான். விலை பேசி முடித்துப் பணம் எடுக்க வேட்டி மடியில் கை வைத்திருந்த ஆள் அப்படியே கையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

தரகர் சின்னான் ஓடி வந்தார். கிடாரிக்கு என்ன சுழி என்று காதோடு காதாகக் கேட்டார். முனீஸ் பதறிப்போய், "அண்ணே, சத்தியமா எனக்கு மாட்டப் பத்தி ஒண்ணுமே தெரியாதுண்ணே" என்றான்.

சின்னான் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். "தெரிஞ்சவங்க அப்படித்தானுங்க சொல்லுவாங்க."

படம் வரைகிறேன் என்று தாளைக் காட்டினான். சுழியைக் குறித்து வைத்திருக்கிறார் என்று பின்னால் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். கூட்டத்துக்குப் பயந்து வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றான். தூரத்திலிருந்தே பார்க்கிறவர் என்று இன்னும் பேர் ஏறியது. வாயை மூடிக்கொண்டால் தப்பலாம் என்று பேசாமல் இருந்து பார்த்தான். மௌன விரதம் என்றார்கள். நாற்காலி வந்தது, டீ வந்தது, ஒருவர் குடையும் பிடித்தார். இத்தனை பேர் சூழ்ந்து நின்றால் எந்த மாடு அசையாமல் நிற்கும்? ஒவ்வொன்றும் மிரண்டு கயிற்றை இழுத்தது. அவன் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு நகர்ந்தான். அவன் விட்டதை வாங்க ஆளில்லாமல் போயிற்று.

மாட்டுக்காரர்கள் கண்ணில் நெருப்பு தெரிந்தது. பஸ் பிடித்து ஓடிவிடலாம் என்று கிளம்பியவன், சந்தையின் கடைசியில் புளியமரத்தடியில் அந்தச் செவலைப் பசுவைக் கண்டான்.

அது ஒன்றுதான் மிரளவில்லை. பிள்ளைகள் குறுக்கே ஓடினார்கள், ஒருவர் அதன் முகத்துக்கு நேரே துண்டை உதறினார். இமைகூட அசையவில்லை. முனீஸின் செருப்புச் சத்தம் கேட்டதும் மெல்லத் தலையைத் திருப்பியது. கறுத்துப் பளபளத்த இரண்டு பெரிய கண்களை அவன்மேல் வைத்து அப்படியே நின்றது.

முனீஸ் நாற்காலியை ஒதுக்கிவிட்டு மண்ணில் உட்கார்ந்தான்.

பிறந்ததிலிருந்து மாட்டைப் பார்த்திருக்கிறான். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று இப்போது தெரிந்தது. கழுத்துத் தொங்கலில் மடிப்பு மடிப்பாக இறங்குகிற தோலில், ஒரு மடிப்பைப் போல இன்னொன்று இல்லை. ஈ உட்கார்ந்த இடத்தில் மட்டும் தோல் தனியாகச் சிலிர்த்து அடங்கியது. மற்ற இடம் தூங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய உடம்பு தன்னில் உள்ளங்கையளவு இடத்தை மட்டும் எப்படி அசைக்கிறது? மூக்கு நுனியில் ஈரம் முத்து முத்தாகக் கோத்து நின்றது. கண் ரப்பை மயிர் இத்தனை நீளமாக இருக்கும் என்று எந்தப் பிரவுசிங் சென்டரும் அவனுக்குச் சொன்னதில்லை. அந்தக் கண்ணுக்குள் புளியமரம் இருந்தது, வானம் இருந்தது, மண்ணில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன முனீஸும் இருந்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கும்பிடலாம் போல இருந்தது. கை தானாக வரைந்துகொண்டே போயிற்று.

வெயில் மரத்தைச் சுற்றி வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் செருப்பைக் கழற்றியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. எல்லா மாட்டையும் தள்ளிய மனுஷன் ஒரு மாட்டின் முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார் என்றால் அது சாதாரண மாடா? அவன் எழுந்திருப்பதற்குள் மூன்று பேர் விலை கேட்டார்கள். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், கேட்டதற்கு மேலேயே கொடுத்து ஓட்டிக்கொண்டு போனார். பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை. சுழிக்காரரே பார்த்தாகிவிட்டது, அதற்கு மேல் நாம் என்ன பார்ப்பது என்றாராம். சின்னான் முனீஸின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பஸ் ஏறும்போது ஒரு குலை இளநீரை அவன் கையில் திணித்தார்.

திங்கட்கிழமை லிங்கசாமி படத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"முனீசு, இது நீங்க போட்டதுங்களா?"

பையரும் அன்றைக்கு ஊரில்தான் இருந்தார். படத்தைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. இந்தக் கண் என்னையே பார்க்கிறது, எந்தப் பக்கம் போனாலும் பார்க்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். ஆர்டர் உறுதியாயிற்று. டிசைன் ரூம் இனி உங்களுடையது, வேண்டுமென்கிற பென்சிலை வாங்கிக்கொள்ளுங்கள் என்று முதலாளி சொன்னபோது முனீஸுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் முதலாளி மறுபடியும் படத்தை எடுத்தார். நெற்றியைச் சுருக்கினார். "நேத்து எங்கய்யன் சந்தையில ஒரு செவலை புடிச்சாருங்க. அச்சு அசல் இதேதானுங்க. பெரிய சுழிக்காரர் ஒருத்தரு மண்ணுல உக்காந்து பார்த்தாராமா."

இனிமேலும் மறைத்தால் பாவம் என்று முனீஸ் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டான். அந்த ஆள் நான்தான், எனக்குச் சுழியும் தெரியாது, மாடும் தெரியாது, படம் மட்டும்தான் தெரியும் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

லிங்கசாமி அவனை இமைக்காமல் பார்த்தார். பிறகு அவரும் கும்பிட்டார்.

"தெரிஞ்சவங்க அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே காரில் முன் சீட்டில் உட்கார வைத்து வீரபாண்டிக்குத் தெற்கே இருந்த தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். புது மாட்டுக்குப் புதுக் கயிறு முனீஸ் கையால்தான் மாற்ற வேண்டுமாம். முதலாளியின் அப்பாவான அந்த வெள்ளை வேட்டிப் பெரியவர் வாசலிலேயே காத்திருந்து மாலை போட்டார். செவலை கட்டுத்தறியில் நின்றது. காலடிச் சத்தம் கேட்டு அதே போலத் தலையைத் திருப்பி, அதே கண்களை முனீஸ்மேல் வைத்தது. என்னை அடையாளம் தெரிகிறது பார் என்று அவனுக்கு மறுபடியும் புல்லரித்தது.

தோட்டத்தில் மாடு பார்த்துக்கொள்ளும் மருதம்மாள் ஒரு கை சோளத்தட்டுத் தீவனத்தோடு வந்தாள். முதலாளி அவளிடம் முனீஸைக் காட்டி, அரை நாள் இந்த மாட்டின் கண்ணையே பார்த்து, ஒரு ரப்பை மயிர் விடாமல் வரைந்தவர் இவர்தான் என்று பெருமையாகச் சொன்னார்.

மருதம்மாள் சோளத்தட்டை மாட்டின் கண்ணுக்கு நேரே நீட்டி வலப்பக்கம் ஆட்டினாள். இடப்பக்கம் ஆட்டினாள். மாடு முனீஸ் இருந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் முனீஸை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க சாமி, அத்தன நேரம் பார்த்தீங்களே, இதுக்கு ரெண்டு கண்ணுந் தெரியாதுங்கறத மட்டும் பார்க்கலீங்களா?"