என் காலும் ஜெனியின் முட்டியும்

உனக்கு வேறு வேலையே இல்லையா? அடுத்தவள் அவமானப்பட்ட கதை என்றால் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறாய். சரி, சொல்லித் தொலைக்கிறேன். நடுவில் சிரித்தால் எழுந்து போய்விடுவேன்.

நான் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால்தான் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் ஓர் உதை விட்டால் இடுப்புப் பிடிப்பு போய்விடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அயனம்பாக்கத்தில் எங்கள் தெருவில் பாதிப்பேர் என்னிடம் உதை வாங்கியவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாசலில் வந்து முதுகைக் காட்டி நிற்பார்கள். மாதா கோயில் உபதேசியாரைக்கூட உதைத்திருக்கிறேன். (அவருக்குக் கொஞ்சம் பலமாகவே விட்டேன். மனிதர் ஜெபம் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்.) மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இதைவிடப் பெரிய பட்டம் எது?

என் பேத்தி ஜெனிக்குப் பதினைந்து வயது. கபடிதான் அவளுக்குச் சோறு, தண்ணீர் எல்லாம். போன வருஷம் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க ஒரு வாரம் இருக்கும்போது, பயிற்சியில் அவளை மடக்கிப் பிடித்ததில் முட்டி திருகிக்கொண்டது. நொண்டிக்கொண்டே நேராக என்னிடம் வந்தாள்.

"ஆயா, அம்மாகிட்ட சொல்லாத. கபடியே வேணாம்னுடும். நீ ஒரு உதை வுடு, சரியாப் பூடும்."

"இடுப்புக்குத்தாண்டி உதை. முட்டிக்கு வுட்டதில்ல."

"முட்டி இன்னா வேற ஊர்லயா கீது? உடம்புலதான கீது?"

நியாயமாகத்தான் பட்டது. பாயில் படுக்க வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, குதிகாலை முட்டியில் வைத்து ஒரு மிதி மிதித்தேன். அவள் போட்ட சத்தத்தில் மதில்மேல் இருந்த பூனை ரோட்டில் குதித்தது.

"இப்போ எப்டி கீது?"

"சூப்பரா கீது ஆயா" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அவள் வாயை மட்டும் நம்பினேன்.

நாலாம் நாள் அதே காலோடு ஆடப் போனாள். ஓடித் திரும்பும்போது முட்டி மடங்கி விழுந்துவிட்டாள். இரண்டு பெண்கள் தோளில் தாங்கிக் கொண்டுவந்தார்கள். ஜெனியின் அம்மா, என் மருமகள் ஷீலா, ஆபீஸிலிருந்து ஓடிவர, மூவரும் வானகரத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம்.

அவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஜவ்வு கிழிஞ்சிருக்கு. மொதல்ல அடிபட்டதும் யாராவது கை வெச்சாங்களா?"

"யாரும் கை வெக்கல டாக்டர்" என்றாள் ஜெனி.

வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, என்னைக் காப்பாற்றுகிறாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் மிதிச்சேன் டாக்டர்."

"எதம்மா மிதிச்சீங்க?"

"முட்டிய. நான் காலால பொறந்தவ."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவு திறந்திருந்ததால், வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் காலால் பிறந்தவள் எப்படி இருப்பாள் என்று எட்டிப் பார்த்தார்கள். ஷீலா என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அன்னிக்கே ரெஸ்ட் குடுத்திருந்தா சின்னதோட போயிருக்கலாம். வலிய மறைச்சு ஆடினதுல பெருசாயிடுச்சு. இந்த வருஷம் ஆட்டம் கெடையாது. அவசரப்பட்டா முப்பது வயசுலயே கம்பிய புடிச்சுகிட்டுதான் படி ஏறணும்."

ஜெனி அப்போதுதான் அழுதாள். நான் மிதித்தபோதுகூட அப்படி அழவில்லை.

"அடுத்த வருஷமாச்சும் ஆடுவாளா டாக்டர்?" என்று கேட்டது ஷீலா. (கபடியே வேண்டாம் என்பாள் என்று நாங்கள் பயந்த அதே ஷீலா!)

"சொன்ன பயிற்சிய ஒழுங்கா செஞ்சா ஆடலாம்."

எழுந்தபோது அவர் என்னைத் தனியாக நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "இடுப்புக்கு மட்டும் நெஜமாவே கேக்குமா?" என்றார். நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிறாராம், பாவம்.

ஜெனி தினமும் காலைத் தூக்கி இறக்கினாள். துணைக்கு நானும் பக்கத்தில் படுத்துத் தூக்கினேன். இந்த வருஷம் மெல்ல மைதானத்தில் இறங்கியிருக்கிறாள். வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் என் மகன் "அம்மா, கொஞ்சம் காலக் காட்டு" என்கிறான்.

தெரு மட்டும் திருந்தவில்லை. எதிர்வீட்டுக்காரி, ஓட்டப்பந்தயத்தில் கணுக்கால் பிசகிய மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டரிடம் போ என்றால் கேட்கவில்லை. "உன் கால் ராசியானதுக்கா!" என்று பாயை விரிக்கிறாள். அக்கம்பக்கத்து ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"எங்கம்மா பெத்த மயக்கத்துல மாத்தி சொல்லிகீதுடி. இப்பதான் விசாரிச்சேன். நான் தலையாலதான் பொறந்தேனாம்."