கத்தியைக் கையில் கொடுக்க வேண்டாம், மாமா

திருவண்ணாமலை,
7-11-1982

பெருமதிப்பிற்குரிய பலராமன் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் கஸ்தூரி பணிவோடு எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நான், மூன்று மாடுகள் எல்லோரும் சுகம். சிவப்பு மாடு மட்டும் ஒரு வேளைப் பால் கம்மியாகக் கறக்கிறது, அதற்காக நீங்கள் பரேலியில் இருந்துகொண்டு கவலைப்பட வேண்டாம். நீங்களும் சரோஜா அத்தையும் குளிருக்கு முன்பே கம்பளிகளை வெளியில் எடுத்து வெயிலில் போட்டீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

தீபத்துக்கு லீவில் வரும்போது யார் யாருக்கு என்ன வாங்கி வரவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவுக்கு ஒரு மிலிட்டரி போர்வை. அம்மாவுக்கு எதுவும் வேண்டாமாம், ஒருவேளை ஸ்வெட்டர் வாங்கினால் நீல நிறமாக இருக்கட்டுமாம். எனக்கு ஒரு பட்டன் கத்தி வேண்டும்.

இதைப் படித்ததும் கடிதத்தை அத்தையிடம் கொடுத்து, சரியாகத்தான் படித்தோமா என்று கேட்பீர்கள். சரியாகத்தான் படித்தீர்கள், மாமா. சினிமாவில் கன்னத்தில் மரு வைத்தவர்கள் பட்டனை அமுக்கியதும் அலகு தானாக வெளியே பாயுமே, அதேதான். யாரையும் குத்துவதற்கு இல்லை. மூட்டை அறுப்பதற்கு. உண்மையைச் சொன்னால் மூட்டை அறுப்பதற்கும் இல்லை. போன தடவை நீங்கள் பதினைந்து நாள் இங்கே இருந்தபோது நான் மொத்தம் ஒன்பது வார்த்தை பேசினேன் என்று கணக்குச் சொன்னீர்கள். கடிதத்தில்தான் எனக்குப் பேச வரும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கிற கடலை மண்டி உங்களுக்குத் தெரியும். மூட்டையின் வாயை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தைத்த சணலை வலது கையால் அறுத்து, இரண்டு கை கடலை அள்ளி முறத்தில் போட்டு, சீட்டு நம்பரையும் கொண்டுவந்தவரின் ஊரையும் பேரையும் உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதும் வியாபாரிகள் சுற்றிக்கொண்டு, நாலு கடலையை உடைத்து மென்று பார்த்து விலை கேட்பார்கள். அறுப்பதும் அள்ளுவதும் எழுதுவதும் எனக்குப் பழகிவிட்டன. உரக்கச் சொல்வது மட்டும் வரவில்லை. நிலக்கடலைப் பூ மேலே பூத்து, காம்பு கீழே வளைந்து, மண்ணுக்குள் போய்க் காய்க்கிறது என்று பி.எஸ்ஸி.யில் படம் வரைந்து பத்து மார்க் வாங்கியிருக்கிறேன். என் குரலும் அப்படித்தான், வாய்வரை வந்து அங்கிருந்து வளைந்து உள்ளே போய்விடுகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கீழ்பென்னாத்தூரிலிருந்து சடையன் என்று ஒருவர் ஆறு மூட்டை கொண்டுவந்தார். அவர் பேரை நான் மூன்று முறை சொன்னேன். என் பக்கத்தில் நின்ற ஆடு மட்டும் திரும்பிப் பார்த்தது. வியாபாரிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த மூட்டைகளை வாங்கி முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் ஆறு மூட்டையையும் திரும்ப வேனில் ஏற்றினார். என்னைத் திட்டவில்லை. "பரவால்ல பாப்பா, வெல ஏறனப்பறம் கொண்டாரேன்"னு சொல்லிவிட்டு, கொண்டுவந்த சோற்றைப் பிரிக்காமலே போனார். அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மண்டி முதலாளி சக்கரபாணி கூப்பிட்டார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "கார்த்திக முடியட்டும் பாப்பா. அதுக்குள்ள கொரலு வந்துட்டா இரு. வரலன்னா வூட்டுல மாட்டப் பாத்துக்க. மாடுன்னா மெதுவாச் சொன்னாலே கேட்டுக்கும்"னு சொன்னார். அப்பாவிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பட்டம் வாங்கிய போட்டோவைக் கண்ணாடி போட்டு மாட்டுக்கொட்டகைத் தூணில் தொங்கவிட்டிருக்கிறார், பால் வாங்க வருகிறவர்கள் ஒருவர்கூடத் தப்பக்கூடாது என்று.

இனி கத்திக்கு வருகிறேன். முதலில் வீட்டுக் காய்கறிக் கத்தியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு மத்தியானம் முருங்கைக்காய் நறுக்க வழியில்லை. பிறகு தேரடி வீதியில் முருகையன் கடையில் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். அதைத் திறக்க இரண்டு கையும் பத்து நகமும் வேண்டும். இரண்டு கையையும் கத்திக்குக் கொடுத்தால் மூட்டையின் வாயை யார் பிடிப்பது? மூட்டை சரிந்து கடலை ஓடி, அந்த ஆடு மறுபடியும் வந்தது. பல்லால் திறக்கப் பார்த்தேன். பி.எஸ்ஸி. படித்த பெண் கத்தியைக் கடித்துக்கொண்டு நிற்பதை மண்டியே வேடிக்கை பார்த்தது.

அப்போதுதான், மாமா, அதைப் பார்த்தேன். ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில் ஒரு ஜெர்மனிக்கார அம்மா இருந்தார்கள், எங்கள் அம்மாதான் அவர்களுக்கு அரை லிட்டர் பால் ஊற்றுவது. ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். அந்த அம்மா இடது கையில் ஒரு பப்பாளிப் பழத்தை வைத்துக்கொண்டு, வலது கையைப் பையில் விட்டு ஏதோ கறுப்பாக எடுத்தார்கள். கட்டைவிரல் அசைந்த மாதிரிகூடத் தெரியவில்லை. டக். அவ்வளவுதான். இல்லாத அலகு இருந்தது. நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை. தீபத்தன்று உச்சியில் ஜோதி தெரிவதற்கு முன்னால் ஊரே ஒரு நொடி மூச்சை நிறுத்திக்கொள்ளுமே, எனக்கு அப்படி நின்றது, ஒரு பப்பாளிப் பழத்துக்கு முன்னால். நான் பார்த்த பார்வையைப் பார்த்து அந்த அம்மா கத்தியை மடக்கி என்னிடம் நீட்டினார்கள்.

கத்தியைக் கையில் கொடுக்கவும் கூடாது, கையில் வாங்கவும் கூடாது, வாங்கினால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்று நமக்குத் தெரியும். ஜெர்மனியில் தெரியாது போலிருக்கிறது. என் கைகள் தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. எனக்குப் பயம் என்று நினைத்து அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஓரடி முன்னால் வந்தார்கள், நான் ஓரடி பின்னால் போனேன், அவர்கள் வந்தார்கள், நான் போனேன், இப்படியே கிரிவலம் மாதிரி அந்த வாசலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டோம். எங்கள் அம்மா பால் கேனை வைத்துவிட்டு, சண்டை வரும் என்று விளக்குவதற்காகத் தன் இரண்டு கைமுஷ்டிகளையும் மோதிக் காட்டினாள். அந்த அம்மா வெலவெலத்துப்போய்ப் பாலே வேண்டாம் என்றார்கள். கடைசியில் நான் துணி துவைக்கிற கல்லைக் காட்டினேன். அவர்கள் கல்லின் மேல் வைத்தார்கள், நான் எடுத்தேன். அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கல்லைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அடுத்த வாரம் ஊருக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்கள். பால் ஊற்றப் போன அம்மா, கல்லின் மேல் அந்தக் கத்தியும் அதன் மேல் ஒரு செம்பருத்தியும் இருந்ததாகக் கொண்டுவந்தாள்.

மறுநாள் மண்டியில் முதல் மூட்டையின் வாயை இடது கையால் பிடித்து, வலது கையால் பட்டனை அமுக்கினேன். டக். மாமா, நீங்கள் துப்பாக்கிச் சத்தத்தில் இருக்கிறவர், உங்களுக்கு இது பெரிதாக இருக்காது. தராசுக்காரர் எடை போடுவதை நிறுத்தினார். புடைத்துக்கொண்டிருந்த காசியம்மாள் முறத்தை அந்தரத்தில் பிடித்துக்கொண்டாள். வியாபாரிகள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய மண்டியில் ஓர் ஓட்டை விழுந்த மாதிரி அமைதி. அந்த ஓட்டைக்குள் நான் நம்பரையும் பேரையும் மெதுவாகப் போட்டேன், அது கேட் வரைக்கும் போய்விட்டது. அதன் பிறகு மூன்று வாரம் ஒரு மூட்டைகூடத் திரும்பிப் போகவில்லை. "இந்தக் கொரல இத்தினி நாளா எங்கடி வெச்சிருந்த?"ன்னு காசியம்மாள் கேட்டாள். நான் கத்தியைப் பார்த்தேன். குரல் அதற்குள்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்கென்றே செய்த கத்தியாம். புடவைக்கு ஏது பை? இடுப்பில் செருகினேன், பஸ்ஸில் உட்காரும்போது பயமாக இருந்தது. சாப்பாட்டுக் கூடையில் வைத்தேன், கல்லூரித் திருப்பத்தில் பஸ் குலுங்கியபோது தானாகத் திறந்து, தயிர்சாதப் பொட்டலத்தைக் கிழித்து, எனக்கு முன்சீட்டு ரெக்ஸினையும் கிழித்து எட்டிப் பார்த்தது. அந்த சீட்டில் இருந்தவர் ஊர் வரும்வரை நின்றுகொண்டே வந்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவருக்குக் கேட்கவில்லை. அம்மா பாவாடையில் உள்பை தைத்துக் கொடுத்தாள், ஆனால் முப்பது ஆண்கள் நடுவில் அதிலிருந்து எப்படி எடுப்பது? கடைசியில் வெற்றிலைக்கு வைத்திருந்த சுருக்குப்பையை அம்மாவே கழற்றிக் கொடுத்தாள்.

போன செவ்வாய்க்கிழமைதான் வந்தது வினை. சக்கரவர்த்தி என்று ஒரு கான்ஸ்டபிள் தினமும் மண்டிக்கு வந்து மூட்டைக்கு ஒரு கை கடலை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போவார். அன்று அவர் ஒரு மூட்டைக்குள் குனிந்திருந்ததை நான் கவனிக்காமல் பக்கத்து மூட்டையில் பட்டனை அமுக்கிவிட்டேன். அவர் துள்ளிய துள்ளலில் தொப்பி மூட்டைக்குள் போய்விட்டது. மண்டி சிரித்தது. அவர் தொப்பியிலிருந்த கடலையைக் கொட்டிவிட்டு, இந்த மாதிரிக் கத்தியெல்லாம் வைத்திருக்கக் கூடாது என்று கையை நீட்டினார். எனக்குக் கை போகவில்லை. தராசுத் தட்டில் வைத்தேன். தட்டு அசையவே இல்லை. அவ்வளவு பெரிய சங்கதி அவ்வளவு கம்மி எடையா என்று அந்த நேரத்திலும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து என் குரல் பழையபடி மண்ணுக்குள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை இரண்டு பேருடைய மூட்டைகள் திரும்பிப் போயின. முதலாளி காலண்டரை ஒரு தாள் தூக்கிக் கார்த்திகையை எட்டிப் பார்த்தார். கடலை விலை ஏறியிருக்கிறது, சடையனும் எந்த நாளும் வந்துவிடுவார். அவர் இரண்டாம் தடவையும் ஆறு மூட்டையோடு திரும்பிப் போனால், நானே வேலையை விட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவேன், மாமா.

அதனால்தான் கேட்கிறேன். உங்களுக்குப் பக்கத்தில் ராம்பூரில் கத்திக்கென்றே கடைகள் இருக்கின்றன என்று ஒரு தடவை எழுதியிருந்தீர்கள். கடைக்காரர் கூர்மையைத்தான் காட்டுவார், நீங்கள் அதைப் பார்க்க வேண்டாம். அவரைப் பட்டனை அமுக்கச் சொல்லிவிட்டுத் தெருவின் அந்தக் கோடியில் போய் நின்று கேளுங்கள். அங்கே கேட்டால் வாங்கலாம். அலகு என் மோதிரவிரல் நீளம் போதும், யாராவது கேட்டால் பழம் நறுக்க என்று சொல்லும்படி இருக்க வேண்டும். பட்டன் பக்கவாட்டில், கட்டைவிரல் தானாக விழுகிற இடத்தில் இருக்கட்டும். பஸ்ஸில் திறந்துகொள்ளாமல் இருக்கச் சின்னதாக ஒரு பூட்டு அவசியம். பிடியில் பாம்பு, சிங்கம் எதுவும் வேண்டாம், மாடு பயப்படும். முக்கியமாக, ஊருக்கு வந்ததும் ஆசையாக என் கையில் கொடுத்துவிடாதீர்கள். கன்று கட்டுகிற கல்லின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன். என் பள்ளிக்கூடப் பீஸ் முழுவதும் மணியார்டரில் அனுப்பியவர் நீங்கள். உங்களோடு எனக்கு எந்த ஜென்மத்திலும் சண்டை வரக்கூடாது.

சரோஜா அத்தைக்கு என் வணக்கம். அண்ணாமலையார் உங்கள் இருவரையும் ரயிலில் ஜன்னலோரமாக உட்காரவைத்து நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். உங்கள் ஆசி எப்போதும் போல எனக்கு வேண்டும்.

பணிவுள்ள,
க. கஸ்தூரி, பி.எஸ்ஸி.

(பட்டத்தை அப்பா போடச் சொன்னார்.)

பி.கு.: 8-11-82, திங்கள். ஸ்டாம்பு வாங்க அப்பா மறந்துபோனது நல்லதாயிற்று. இன்று சடையன் ஆறு மூட்டையோடு வந்தார். பின்னாலேயே சக்கரவர்த்தி வந்தார், கையில் என் கத்தி. ஆறு நாளாக டீக்கடையில் உட்கார்ந்து அதைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாராம், காசியம்மாள் சொன்னாள். "சும்மா மெரட்டத்தான் வாங்கனேன், இந்தா"ன்னு நீட்டினார். அதில் வைக்கட்டும் என்று நான் முறத்தை நீட்டினேன். அவர் முறத்தைத் தள்ளிவிட்டு என் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டார். நான் பட்டனை அமுக்கினேன். சத்தமே இல்லை. அலகு நத்தை மாதிரி அரை விரல் வெளியே வந்து, நின்று, யோசித்தது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. நான் சொன்னதாகக் காசியம்மாள் சொன்னதை எழுதுகிறேன். "ஸ்பிரிங்க என்னய்யா பண்ண? நல்லா இருந்தத வாங்கிக்கினு போயி சீக்காளியாக்கிக் கொண்டாந்து குடுக்கற? மூட்டையில கைய வுடறியே, அது யாரு வூட்டுக் கடலன்னு ஒருநாளாவது கேட்டிருக்கியா?" தராசு நின்றதாம். முறம் நின்றதாம். சக்கரவர்த்தி தன் பையிலிருந்த கடலையை இரண்டு கையாலும் எடுத்து மூட்டையில் திரும்பப் போட்டது மட்டும் என் கண்ணால் பார்த்தேன். மேஜையிலிருந்து சக்கரபாணி, "அதே வாயோட நம்பரையும் சொல்லிடும்மா"ன்னார். என்னை அவர் பாப்பா என்று சொல்லாதது இதுதான் முதல் தடவை. நம்பர் பதினேழு, கீழ்பென்னாத்தூர் சடையன், ஆறு மூட்டை என்று சொன்னேன். தேரடியில் பால் ஊற்றிக்கொண்டிருந்த அப்பா, யாரோ நம்ம கஸ்தூரி மாதிரியே கத்துகிறாளே என்று நினைத்தாராம். நல்ல விலை போயிற்று. சடையன் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஆகவே கத்தி வேண்டாம், மாமா. இவ்வளவையும் படித்து உங்களுக்கே ஆசை வந்து வாங்கிவிட்டீர்கள் என்றால், கல்லின் மேல் வைக்க வேண்டாம். கையிலேயே கொடுங்கள்.