முத்துலிங்கத்தாரின் காலில் குழந்தை

கொழும்பு, கொட்டாஞ்சேனைப் பாலாம்பிகை அம்மையாரைப் பார்க்க வேண்டுமென்றால் போனில் சனல் பண்ணி, முன்கூட்டியே பதிந்து நம்பர் எடுக்க வேண்டும். இதய டொக்டருக்கும் அப்படித்தான். ஆனால் டொக்டர் சில நேரம், "டெஸ்ட் எடுத்துப் பாத்துத்தான் சொல்லலாம்" என்பார். அம்மையாருக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. ஒரு காலத்தில் தையல் வகுப்பு நடத்தியவர், இப்போது பிறக்காத பிள்ளைகளின் ஆவியோடு கதைக்கிறார். வெள்ளவத்தையில் இருந்தெல்லாம் படித்த சனம் வந்து குவிந்தது.

மண்டபத்தை நிறைத்த அந்தக் கூட்டத்தில் சுபாஷினியும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் மாதத்தில் அவளுடைய இதயம் தாங்காது, தாயே பிழைக்க மாட்டாள் என்று டொக்டர்கள் கருவை அகற்றினார்கள். இதயத்துக்கு மாத்திரை தந்து கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். மாமி பரமேஸ்வரி கூட்டி வந்ததோ இங்கே.

போன தடவை அம்மையார் வழக்கம்போல் கண்ணை இறுக மூடி, அவளுடைய வீங்கிய காலில் பெருவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"இது பிள்ளையின்ரை காலடி. கோவத்திலை மிதிக்குது. மாத்திரை போட்டா இன்னும் கோவப்படும்."

மாமி அன்றே மாத்திரையை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அதன்பிறகு சுபாஷினிக்கு நிமிர்ந்து படுக்கவே முடியவில்லை, படுத்தால் மூச்சு அடைத்தது. அவளுக்கும் பயம்தான். இழந்த பிள்ளை வந்து மிதிக்கிறது என்றால் எந்தத் தாய்க்கு நெஞ்சு பதறாது? அந்தப் பதற்றத்தில்தான் அம்மையார் வீட்டு அடுப்பு எரிந்தது.

பக்கத்தில் முத்துலிங்கத்தார் இருந்தார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், தங்கச்சி மகனுடைய விசா சரிவருமா என்று ஆவியிடம் கேட்க வந்தவர். அவருடைய கால் செருப்புக்குள் அடங்காமல் பிதுங்கி நின்றதைச் சுபாஷினி பார்த்தாள்.

"ஐயா, கோவிக்காதேங்கோ. உங்கட காலை ஒருக்கா அமத்திப் பாக்கட்டே?"

"பாரும் பிள்ளை. ஹார்ட் பலவீனம், நீர் இறங்கிற வீக்கம். குளிசை போட மறந்தா இப்பிடித்தான்."

அழுத்தினாள். குழி விழுந்தது. அச்சாக அவளுடைய காலில் விழுந்த அதே குழி.

அவளுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். முத்துலிங்கத்தாரையும் இழுத்துக்கொண்டு போனாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று வைத்த மைக்கின் முன் அம்மையார் கண்ணை மூடிக் கையை நீட்டினார். சுபாஷினி தன்னுடைய காலை ஒதுக்கிவிட்டு முத்துலிங்கத்தாரைக் காலை நீட்டச் சொல்லிச் சைகை காட்டினாள்.

அம்மையார் அழுத்தினார், சிலிர்த்தார்.

"ஐயோ, பிஞ்சுக் காலடி. ஏன் மகளே கருவைக் கலைச்சனீர்?"

"ரயில்வேயிலை எனக்குப் பிள்ளைப்பேறு லீவு தரேல்லை அம்மா" என்றார் முத்துலிங்கத்தார்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அம்மையாரின் கண் தானாகத் திறந்தது.

"அது... இவரின்ரை மனிசியின்ரை தோஷம்."

"நான் கலியாணமே கட்டேல்லை."

அம்மையார் மைக்கை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுபாஷினி மாமியின் பக்கம் திரும்பினாள். "காலடியும் இல்லை, ஒண்டும் இல்லை. என்ரை இதயம் ஏலாமல் கிடக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

ஆஸ்பத்திரியில் டொக்டரும் சுபாஷினியின் காலைத்தான் அழுத்திப் பார்த்தார். அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். மாத்திரையை நிறுத்தியது யார் என்று கேட்டபோது மாமி தலை குனிந்தார். அவளை வார்ட்டில் சேர்த்த பிறகுதான் மாமி மெல்லக் கேட்டார்.

"அப்ப அந்தப் பிள்ளை?"

"பிள்ளை போயிட்டுது மாமி. நான் அழுது முடிச்சிட்டன். நான் இன்னும் இருக்கிறன், என்னைப் பாருங்கோ."

மாமி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அம்மையார் இப்போது வேறு பெயரில் பம்பலப்பிட்டியில் இருக்கிறாராம், நம்பர் கிடைப்பதே கஷ்டமாம். போகிறவர்கள் போங்கள். கால் வீங்கிய ஆம்பிளை ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆள் கிடைக்காவிட்டால், உங்கள் மூளையையாவது வீட்டில் வைத்துப் பூட்டாமல் கொண்டு போங்கள்.