உன் நாலு கிளாம்பு விஷயமாக

ஊரிகம்,
1898 பிப்ரவரி 14, திங்கட்கிழமை.

ஜோலார்பேட்டையில் ரயில்வே உத்தியோகத்தில் இருக்கும் என் அருமை மருமகன் சிரிலுக்கு, உன் தாய்மாமன் சுந்தரராஜ் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நான், உன் அத்தை லூயிசா, மகள் ஞானசுந்தரி, கோழி இரண்டு, எல்லோரும் இவ்விடம் சுகம். அவ்விடம் நீயும் உன் சம்சாரமும் என் தங்கச்சியும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுதவும்.

உன் கார்டு கிடைத்தது. கிறிஸ்மஸுக்கு வந்தபோது இங்கே விட்டுப்போன, மரத்தை இறுக்கிப் பிடிக்கிற நாலு கிளாம்பையும் உடனே அனுப்பச் சொல்லியும், வீட்டிலேயே ஓர் அலமாரி செய்யப் போவதால் மேற்கொண்டு என்ன கிளாம்பு வாங்கலாம், எப்படி முடுக்கலாம் என்று கேட்டும் எழுதியிருந்தாய். நாலும் இன்று கோணிப்பையில் கட்டி, உங்கள் ஊருக்குப் புறப்படுகிற ராஜப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். இரண்டாவது விஷயத்துக்கு, கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். தங்கச் சுரங்கத்தில் பாறை இறங்காமல் பூமிக்குள்ளே மரம் முட்டுக் கொடுக்கிற வேலை எனக்குப் பதினோரு வருஷம். எங்கள் மைன் காப்டன் துரையே கீழே சுரங்க லெவலில் என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார். வேர்க்கிறதினால் என்று சிலர் சொல்லுவார்கள், அது பொறாமை. உன் கிளாம்பை வைத்து நான் செய்த சாப்பாட்டு மேஜையை நீ பார்க்க வேண்டும். அதன்மேல் நாலு துரைமார் பூட்ஸோடு ஏறி நின்று ஆடினாலும் அசையாது. அந்த மேஜையில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மேஜை வந்த கதையைச் சொன்னால் கிளாம்பு பாடமும் அதிலேயே வந்துவிடும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் ஏனோக் மேஸ்திரி என்னிடம் வந்தார். நந்திதுர்க் மைனில் தச்சுப் பட்டறைக்கே பெரிய மேஸ்திரி அவர். தம்முடைய மகன் ஹரோல்டுக்கு நம் ஞானசுந்தரியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பையன் குடிக்கிறதில்லை, ஷிப்டு தவறுகிறதில்லை. ஞானசுந்தரி வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை. ஆனால் ஹரோல்டு பேரை எடுத்தால் அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பாள். இந்த இடம் தவறிப்போனால் லூயிசா என்னை உயிரோடு விடமாட்டாள், அதுவும் உனக்குத் தெரியும். மேஸ்திரி, "வர்ற மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை பூ வைக்க வர்றோம். உங்க வூட்டுல ஒக்கார எடம் கீதா, இல்ல கீழ லெவல் மாதிரி முட்டுக் குடுத்து வச்சிருக்கீங்களா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். எனக்கு வந்தது பார். "எங்க வூட்டுல மேஜை போட்டுத்தான் சாப்பாடு மேஸ்திரி. நானே என் கையால செஞ்ச மேஜை" என்றேன். அவர் சிரித்தார். "மைன் மரக்காரனுக்கு ஆப்பு அடிக்கத் தெரியும். மேஜை இன்னா தெரியும்? வந்து பாக்கறேன்" என்றார். அந்த நேரத்தில் நம் வீட்டில் மேஜை இல்லை. அது ஒன்றுதான் குறை.

வீட்டுக்கு வந்ததும் லூயிசா, "மேஜை எங்கய்யா?" என்றாள். "வரும்" என்றேன். இயந்திரம் வந்த பெட்டிகளின் பலகையைக் கேட்டு வாங்கி வந்தேன், சீமை மரம், இழைத்தால் வெண்ணெய். ஐந்து பலகையை ஓரத்தோடு ஓரம் வச்சிரம் பூசி ஒட்ட வேண்டும். வச்சிரம் என்றால் தோலும் எலும்பும் காய்ச்சிய பசை, தச்சர்கள் வைத்திருப்பார்களே, அதுதான். அதைச் சூடாகப் பூசி, ஆறுவதற்குள் கிளாம்பு போட்டாக வேண்டும். நான் லூயிசாவின் குழம்புச் சட்டியில் அதைக் காய்ச்சினேன். அன்றிலிருந்து அந்தச் சட்டியில் ரசம் வைத்தாலும் செருப்புக்கடை வாசனை வருகிறது. பூசி முடித்து, உன் நீளக் கிளாம்பைத் தேடினால் ஒன்று கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டாக இருந்தது. அதை எடுத்து, கோழியைப் பிடித்து, திரும்பி வந்தால் வச்சிரம் ஆறித் தோலாகிவிட்டது. ஆகையால் மாப்ளே, முதல் பாடம்: பசை இல்லாமலே ஒரு தரம் எல்லாக் கிளாம்பையும் போட்டுப் பார்த்து, அளவுக்குத் திறந்து, கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் சட்டியை அடுப்பில் ஏற்ற வேண்டும். இதை நான் ஆரம்பத்திலேயே யோசித்திருந்தேன். உனக்குத் தெளிவாக விளங்கட்டும் என்று ஒரு தரம் தப்பாகச் செய்து பார்த்தேன்.

சுரண்டி எடுத்து மறுபடி ஒட்டினேன். நீளக் கிளாம்பு இரண்டையும் பலகைக்கு அடியிலேயே போட்டு முடுக்கினேன். முடுக்க முடுக்கப் பலகை நடுவில் எழும்பி, பரிசல் கவிழ்த்த மாதிரி வளைந்துவிட்டது. ஒன்றை அடியிலும் மற்றதை மேலேயும் போட்டிருந்தால் ஒன்றின் இழுப்பை மற்றது சரிக்கட்டியிருக்கும். இரண்டு போதாது, நீ பெரிய பலகை ஒட்டினால் மூன்றாவது ஒன்று வாங்கு. கீழே, மேலே, கீழே என்று மாற்றி மாற்றிப் போடு. வளைந்ததைப் பார்த்து லூயிசா, "இதுல குழம்பு ஊத்துனா மேஸ்திரி மடியிலதான் போய் நிக்கும்" என்றாள். பிரித்து மூன்றாம் தரம் ஒட்டினேன். அது நேராக வந்தது. இப்போதும் நேராகத்தான் இருக்கிறது, ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் யோசிக்கிறது.

பிறகு கால். காலையும் சட்டத்தையும் சேர்க்கிற இடத்தில்தான் என் கைவரிசையைக் காட்டினேன். கீழே லெவலில் ஒரு மரத்தை நிறுத்தி ஆப்பு அடிக்கும்போது, மரம் 'ணங்' என்று பேசுகிற வரைக்கும் அடிப்போம். பேசாத மரத்தை நம்பி எவனும் அதன் கீழே நிற்கமாட்டான். அதே கணக்கில் உன் கிளாம்பையும், மரம் பேசுகிற வரைக்கும், கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி முடுக்கினேன். மரம் பேசியது. மாரிகுப்பம் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். வச்சிரம் நாலு பக்கமும் பிதுங்கித் தரையில் ஓடிற்று. இரும்பு வாய் நேரே மரத்தில் பதிந்து வட்ட வட்டமாகக் குழி விழுந்தது. ஈரப் பசையில் இரும்பு பட்ட இடமெல்லாம் கறுப்புக் கறை. குழியைப் பூவேலை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் கிளாம்பைக் கழற்றினேன். கால் அப்படியே கையோடு வந்தது. லூயிசா தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பசையெல்லாம் தரையில கீது. மேஜையில இன்னா கீது?" என்றாள். படிக்காதவள், ஆனால் அதுதான் விஷயம். இறுக்க இறுக்கப் பசை வெளியே போய்விடுகிறது. ஒட்டுவதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. கிளாம்பு வாய்க்கு அடியில் ஒரு சின்ன மரத்துண்டு வை, அந்தத் துண்டுக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு எண்ணெய்க் காகிதம் வை, கையால் மட்டும் முடுக்கு, பசை ஓரத்தில் முத்து முத்தாக எட்டிப் பார்த்ததும் நிறுத்து. நானும் அப்படித்தான் நிறுத்த நினைத்தேன். ஆனால் பதினோரு வருஷப் பழக்கம், கை கேட்கவில்லை. இரண்டாம் தரமும் மரம் பேசிவிட்டது.

அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. பிரித்து ஒட்ட நாள் இல்லை. ஆகவே நான் ஒரு ஏற்பாடு செய்தேன், இது எந்தப் பட்டறையிலும் சொல்லித்தர மாட்டார்கள். கிளாம்பு நாலையும் கழற்றாமல் மேஜையிலேயே விட்டு, லூயிசாவின் கல்யாணப் புடவையைத் தரை தொடுகிற மாதிரி மேலே விரித்துவிட்டேன். மைன்காரர்களுக்கு வரிசையாகக் கட்டின இந்த லைன் வீட்டில் மேஜை போட்டபிறகு சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். குனிந்து பார்க்க யாருக்கும் இடமில்லை. அதுவும் யோசித்துச் செய்ததுதான்.

நேற்று ஆராதனை முடிந்து ஏனோக் மேஸ்திரி, அவர் சம்சாரம் ஃப்ளோரா அம்மாள், ஹரோல்டு, உபதேசியார் ஐயா நாலு பேரும் வந்தார்கள். ஃப்ளோரா அம்மாள் பூத்தட்டை மேஜை நடுவில் வைத்தார். கோழி இரண்டு என்று மேலே எழுதினேனே, நேற்றுக் காலை வரைக்கும் மூன்று. சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரி எனக்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் துரையோடு ஆயிரம் அடி ஆழத்தில் கைகுலுக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, புடவைக்கு அடியில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். மேஸ்திரியுடைய இடது கை மேஜைக்கு மேலே இல்லை. மறுபடி 'கிர்ர்'. மேஜைக் கால் பல் ஆடுகிற மாதிரி ஆடி என் மடிப் பக்கம் சாய்ந்தது. நான் இரண்டு முழங்காலாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். கதையை நிறுத்தவில்லை. இலை எடுக்கிற வரைக்கும் அப்படியே பிடித்திருந்தேன், ஒரு சொட்டுக் குழம்பு சிந்தவில்லை. இந்த மாதிரி முட்டு இந்த மைனில் வேறு எவனாலும் கொடுக்க முடியாது.

அப்போது உபதேசியார் ஐயா, "பூ வைக்கறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுவோம், எல்லாரும் எழுந்திருங்க" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். நான் எப்படி எழுந்திருப்பது? மேஸ்திரி கண்ணைத் திறந்து பார்த்தார். "இன்னா சுந்தரராஜ், ஜெபத்துக்கு எழுந்திருக்க மாட்டீங்களா?"

"நான் ஒக்காந்தே ஜெபம் பண்றவன் மேஸ்திரி. மைன் ஷாப்டுக்குள்ள பழக்கம்."

"கோயில்ல எழுந்து நின்னீங்களே, இன்னிக்குத்தான் பாத்தேன்."

"அது கோயிலு."

ஃப்ளோரா அம்மாள் பூத்தட்டை மெதுவாகத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆண்டவருக்கு எழுந்திருக்காத வூட்டுல பொண்ணு எடுக்கறதா?" என்று மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டார். ஹரோல்டுக்கு முகம் செத்துப்போயிற்று. லூயிசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரில், நான் பாறை விழுந்து பார்த்திருக்கிறேன், அதற்கு முன்னால் மண் கொஞ்சமாகப் பொடிப் பொடியாக உதிரும். அந்த மாதிரி ஒரு நேரம் அது. நானே பயந்துவிட்டேன். இதை நீ யாரிடமும் சொல்லாதே.

அடுப்பங்கரையிலிருந்து ஞானசுந்தரி வந்தாள். "அப்பா, மேஜைக் காலை வுட்டுடாதீங்க" என்றாள். எல்லோர் முன்னாலும் புடவை ஓரத்தைத் தூக்கி, மேஜைக்கு அடியில் போய், காலைச் சட்டத்தோடு நேராக்கி, கிளாம்பு வாய்க்கு அடியில் ஒரு விறகுச் சிராயை வைத்து, அதைத் திருகினாள். ஒன்று, இரண்டு, அப்புறம் அரைச் சுற்று. நிறுத்திவிட்டாள். "இப்ப எழுந்திருங்கப்பா."

எழுந்தேன். மேஜை நின்றது. மேஸ்திரி குனிந்து பார்த்தார். "ஏம்மா, அதுக்கு மேல முடுக்கல?"

"கால் அசையாம நின்னா போதும் மாமா. அப்பாதான் நாலு சுத்து சேத்து சுத்துவாரு. அதனாலதான் ஒட்ட மாட்டேங்குது."

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த வெற்றிலை பறந்தது. "கை பட்டதுமே தெரிஞ்சுபோச்சு சம்பந்தி. இந்த இறுக்கு இறுக்கினா மரம் மூச்சு வுடுமா? கை தானா தளர்த்திப்புடுச்சு. தப்பு என்னுது" என்றார். அந்த 'சம்பந்தி'யைக் கேட்டதும் ஃப்ளோரா அம்மாள் பூத்தட்டைத் திரும்ப நடுவில் நகர்த்தினார். நான் நின்றுகொண்டே ஜெபம் பண்ணினேன், என் சத்தம்தான் பெரிய சத்தம். பூ வைத்தாயிற்று. ஏப்ரலில் ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். நீ குடும்பத்தோடு வரவேண்டும். ஞானசுந்தரிக்குக் கிளாம்பு முடுக்க யார் சொல்லிக் கொடுத்தது என்று மேஸ்திரி கேட்டபோது நான் அடக்கமாக மேலே பார்த்தேன்.

போகும்போது மேஸ்திரி, "வர்ற சனிக்கிழமை நானே வந்து பிரிச்சு ஒட்டித் தர்றேன். அதுவரைக்கும் அந்தக் கிளாம்பு மேல கை வைக்காதீங்க" என்றார். பட்டறைக்காரர் அப்படித்தான் பயப்படுவார். ஞானசுந்தரி முடுக்கிய அழகுக்கு மேஜை இப்போது தானாகவே நிற்கும். உனக்கு நான் வாக்குக் கொடுத்தாயிற்று, வாக்குத்தான் பெரிது. ஆகையால் கடிதத்தை முடித்ததும் கிளாம்பு நாலையும் கழற்றிப் பையில் போடப்போகிறேன். உன் அலமாரிக்கு நீளத்தில் மூன்று, ஜி எழுத்து மாதிரி வளைந்ததில் நாலு இருந்தால் போதும். வாய் சுலபமாகத் திறந்து மூடுகிறதா, திருகின் பல் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு. எத்தனை வாங்கினாலும் வேலை நடுவில் ஒன்று குறையும்.

என் தங்கச்சிக்கு என் அன்பு. உன் சம்சாரத்துக்கு ஆசீர்வாதம். பெரிய வேலைக்காரன் என்று பேரெடுத்து, கை கால் விரல் இருபதும் குறையாமல் நீ நீடூழி வாழ வேண்டுமென்று ஜெபிக்கும்,

உன் தாய்மாமன்,
சுந்தரராஜ்.

பின்குறிப்பு: முதல் கிளாம்பைக் கழற்றினேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். மேஜைக் கால் இப்போது மறுபடி என் இரண்டு முழங்காலுக்கு நடுவில் இருக்கிறது. கழற்றின கிளாம்பு எட்டாத தூரத்தில் பைக்குள் கிடக்கிறது. லூயிசாவும் ஞானசுந்தரியும் தண்ணீருக்குப் போயிருக்கிறார்கள், அங்கே எப்போதும் வரிசை பெரிது. நாலு துரைமார் ஆடுவது பற்றி மேலே எழுதினதை அடித்துவிடு. ராஜப்பா ஜன்னலில் வந்து நிற்கிறான். "பை எங்க மாமா?" என்கிறான். "பை இல்லப்பா, கடுதாசி மட்டுந்தான்" என்றேன். "உள்ள வந்து எடுத்துக்கட்டா?" என்றான். "வாணாம், நான் ஜெபத்துல கீறேன்" என்றேன். அவன் ஏனோக் மேஸ்திரி பட்டறையில்தான் வேலை செய்கிறான், அதனால் உள்ளே விடவில்லை. நீ ஜோலார்பேட்டையிலேயே புதுக் கிளாம்பு வாங்கிக்கொள். முடிந்தால் இரண்டு சேர்த்து வாங்கி, நீயே அடுத்த ரயிலில் கொண்டுவா. இதோ ரெண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறது. லைனில் எல்லோரும் எழுந்து போகிறார்கள். நான் எழுந்திருக்கவில்லை.