நான் நனையாத மழை

அக்டோபர் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 6.35. கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது. காற்று இல்லை. மழை இன்னும் வரவில்லை. வருவதாக முடிவு மட்டும் செய்துவிட்டது. (மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்தில் ஞாயிறுதான் வாரத்தின் முதல் பள்ளி நாள். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு வாசலில் பதினோரு பிள்ளைகள் மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டபடி நின்ற எழுபத்தோரு வயது மேதாவி நான்.

அந்த விசிலை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது.

குருணுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவன் நான். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுதான் என் வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. யார் வந்தார், யார் வரவில்லை, யார் வந்ததுபோல நின்றுவிட்டு நழுவினார் என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்று மகள் கவிதா வீட்டுக்கு வந்த பிறகு எண்ணுவதற்கு ஆள் இல்லை. அதனால் பேத்தி யாழினியை அழைத்துவரப் போகும்போதெல்லாம் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் காடிகளை (கார்களை) எண்ணினேன். ஒரு நாள் அறுபத்து நான்கு. குளிர்சாதனத்துக்காக எஞ்சினை அணைக்காமல் அறுபத்து நான்கும் உறுமிக்கொண்டிருந்தன.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்தேன். காற்று, புகை, உலகம் சூடாவது, பிள்ளைகளின் நுரையீரல் என்று ஒன்றையும் விடவில்லை. மாதம் ஒரு நாளாவது பிள்ளைகள் நடந்து வரட்டும் என்றேன். தலைமையாசிரியை கைதட்டினார். பள்ளி வேன் ஓட்டும் பத்மா மட்டும் பின் வரிசையிலிருந்து கேட்டாள்.

"கிராணி ஐயா, உங்க தாமான் குடியிருப்புப் புள்ளைங்க பதினொன்னும் என் ஒரே வேன்லதானே வருது? மொதல்ல ஒத்தப் புள்ளய ஏத்திக்கிட்டு வர்ற காடிங்கள நிப்பாட்டுங்க லா."

"முன்மாதிரி நம்மிடமிருந்து தொடங்க வேண்டும் அம்மா" என்றேன், மேடைத் தமிழில்.

"தொடங்குங்க, தொடங்குங்க. எனக்கு ஒரு நாள் தூக்கம் கெடச்சா வேணாம்னா சொல்லப் போறேன்?"

பாதுகாப்பில் நான் குறையே வைக்கவில்லை. தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று ஒரே நிறத்தில், ஒரே அளவில், தலையை மூடும் தொப்பியோடு பதினோரு கோட்டுகள் வாங்கினேன். (யாழினிக்குக் கோட்டு கணுக்கால் வரை வந்தது. நடக்கும் தேநீர்ப் பைபோல இருந்தாள்.) பள்ளிச் சபைகூடலில் செய்வதுபோல எல்லாரையும் வலக்கையை உயர்த்தச் சொல்லி உறுதிமொழியும் வாங்கினேன்.

"யார் கூப்பிட்டாலும் வண்டியில் ஏற மாட்டேன்! மழை வந்தாலும் ஏற மாட்டேன்!"

கவிதா தொழிற்சாலைச் சீருடையில் வெளியே வந்தாள். எட்டு மணிக்கு அவள் வேலைக்கு நுழைய வேண்டும்.

"அப்பா, மழ இருட்டிக்கிட்டு வருது. பாப்பாவ நான் விட்டுட்டுப் போயிடவா?"

"பெரட்டுல நூத்தி இருபது பேர எண்ணுனவன்மா நான்."

"அவங்க பெரியவங்கப்பா. இது ஏழு வயசு. ரோட்டுல கைய விட்றாதீங்க, அவ்வளவுதான்."

விசிலை ஊதினேன். புறப்பட்டோம்.

பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தெருநாய், வடிகால், லோரி என்று எல்லா ஆபத்தையும் யோசித்து வைத்திருந்த நான், எங்கள் ஜனத்தை யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில், தெரிந்தவர் நடந்து போவதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போவது துக்க வீட்டை எட்டிப் பார்க்காமல் போவதற்குச் சமம். நடக்கிறான் என்றால் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று பொருள்.

முதல் முச்சந்தியிலேயே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஓட்டி வந்தவர் மூன்றாம் ஆண்டு பையன் தர்ஷனின் சித்தப்பா.

"என்ன தாத்தா, பத்மா வேன் படுத்துருச்சா?"

"இல்லை தம்பி. சுற்றுச்சூழலுக்காக நடக்கிறோம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுற்றுச்சூழலுக்கு நீங்க நடங்க. என் அண்ணன் மகன் நடந்து போறத பாத்துட்டு நான் சும்மா போனா, அண்ணி என்னய வீட்டுக்குள்ள விடுமா? டேய், ஏறுடா."

உறுதிமொழி எடுத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, தர்ஷன் ஏறிவிட்டான். விசில் ஊதினேன். யாரும் பொருட்படுத்தவில்லை. அதே நொடியில், சொல்லி வைத்ததுபோல மழை கொட்டியது.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கே வரவில்லை. ஒரு காடி நின்றது, இன்னொன்று நின்றது, பின்னால் ஒரு சிறு லோரியும் நின்றது. யார் யாரோ அத்தை, மாமா, பக்கத்து வீட்டு அக்கா. கதவுகள் திறந்தன, மஞ்சள் கோட்டுகள் ஓடின. பெரட்டுப் புத்தி விடவில்லை. ஒரு கடையின் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றபடியே ஏறுகிற கோட்டுகளை எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று. சரி.

சரியில்லை. தர்ஷன் சித்தப்பாவின் மோட்டாரிலிருந்து குதித்து, நனையாத இடம் தேடி ஒரு காடியில் ஏறியிருக்கிறான். நான் அவனை இரண்டு முறை எண்ணிவிட்டேன். தொப்பி மூடிய தலையில் முகம் எங்கே தெரிகிறது? முப்பத்தோரு வருடம் முகத்தைப் பார்த்து எண்ணியவன் அன்று துணியை எண்ணினேன்.

அப்போது சாப்பாட்டுக் கடை நானாவின் காடி என் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறுங்க கிராணி ஐயா! இந்த வயசுல சளி புடிச்சா யாரு பாக்கறது?"

"இல்லை நானா, நான் கொள்கைக்காக..."

"கொள்கைய மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. சீட்டு மட்டும் நனையாம பாத்துக்கங்க."

பிள்ளைகளை வரவேற்க வாசலில் ஒரு பொறுப்பான ஆள் வேண்டாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு ஏறினேன். நானா குளிர்சாதனத்தைக் குறைத்துவிட்டார். இதமாக இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

பள்ளிக்கூட வாசலில் அன்று வழக்கத்தைவிட நெரிசல். வழக்கமாக ஒரே வேனில் வருகிற பிள்ளைகளை ஏழு வண்டிகள் கொண்டுவந்து இறக்கின. தலைமையாசிரியை மண்டபத்துக்குள் ஏற்பாடுகளில் இருந்ததால் அதைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியில் அவர் பெருமையாக அறிவித்தார்: "பாக்கார் ஆராங் மாணவர்கள் இன்று கொட்டும் மழையிலும் நடந்தே வந்திருக்கிறார்கள்!"

பள்ளியே கைதட்டியது. நான் திருத்தியிருக்கலாம். மாறாக மேடை ஏறி, கம்பியில்லா ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

பேச்சைத் தொடங்கியதும் முன் வரிசையில் மஞ்சள் கோட்டுகளை எண்ணினேன். பத்து. திரும்ப எண்ணினேன். பத்து. வாய் தூய காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. இந்த முறை முகங்களைப் பார்த்தேன். யாழினி இல்லை.

"யாழினி எங்கே?" என்று ஒலிவாங்கியிலேயே கேட்டுவிட்டேன்.

தர்ஷன் எழுந்தான். "அவ அந்த முச்சந்தி பஸ் ஸ்டாண்டுல, காலுல கழண்ட சப்பாத்த மாட்டிக்கிட்டிருந்தா தாத்தா. வா வான்னு கூப்பிட்டேன். ஏற மாட்டேன்னுட்டா. நீங்கதானே ஏறக் கூடாதுன்னு சொன்னீங்க?"

மேடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மழை, லோரிகள் ஓடும் பெரிய சாலை, கையை விடாதீர்கள் என்ற கவிதாவின் குரல். கூரை போட்ட நடைபாதையில் வாசலுக்கு ஓடிய அந்த நேரத்தில், என் ஆயுளில் அந்த ஒரே முறை, நான் எதையும் எண்ணவில்லை.

வாசல் கூரைக்கடியில் நின்று பார்த்தேன். சாலை ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் கோட்டு வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் நான்கு பக்கமும் விளக்கு மின்ன, நடை வேகத்தில் பத்மாவின் வேன். வேனுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள், ஹாரன், புகை. ஒரு அமைச்சருக்குக்கூட அப்படி ஊர்வலம் போயிருக்காது.

பத்மா கைலியோடு இறங்கினாள். காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்கக் கிளம்பியவள்.

"மழையில ஒத்தையா நடந்து வருது ஐயா! ஏறும்மா ஏறும்மான்னு கெஞ்சுறேன், கையத் தூக்கி உறுதிமொழிய ஒப்பிக்குது. விட்டுட்டு வர மனசு வருமா? மொத கியர்லயே உருட்டிக்கிட்டு வந்தேன்."

நான் யாழினியின் முன்னால் குனிந்தேன். தொப்பிக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டும் முகம் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. சட்டை, தலைமுடி, சப்பாத்து.

"நான் ஏறல தாத்தா. நீங்க ஏன் நனையல?"

அவள் தொப்பியைக் கழற்றக் கையை நீட்டியபோதுதான் கவனித்தேன். ஒலிவாங்கி இன்னும் என் கையில் இருந்தது, வேலையும் செய்துகொண்டிருந்தது. மண்டபத்தில் முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு மொத்தப் பள்ளியும். என் பின்னாலேயே வந்து நின்ற தலைமையாசிரியை சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

யாரோ எடுத்த காணொளி, நான் வீடு திரும்புவதற்குள் கவிதாவின் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. மாலையில் வந்தவள் திட்டவில்லை. யாழினியின் தலையைத் துவட்டிக்கொண்டே, "எண்ணுனேன்னு சொன்னீங்களேப்பா" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது அவளுக்குக் கோபம் போய்விட்டது. கேலி மட்டும் போகவில்லை. மழை நாளில் நான் வெளியே போய்த் திரும்பினால் வீட்டில் யாராவது ஒருவர் என் சட்டையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். கவிதாவின் கல்யாணத்துக்குப் பிறகு கண்ணிலேயே படாத சொந்தக்காரர்கள் முதல் ஜித்ராவிலிருக்கும் சம்பந்தி வரை, என்னிடம் போனில் கேட்கும் முதல் கேள்வி "சுகமா" இல்லை, "நனைஞ்சீங்களா" என்பதுதான்.

அவ்வளவு தூரம் அரைக் கிளட்ச்சில் வந்ததில் பத்மாவின் வேன் பள்ளி வாசலிலேயே கருகிய நாற்றத்தோடு நின்றுவிட்டது. பட்டறையில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் பத்துப் பிள்ளைகள் பத்துக் காடியில் வந்தார்கள். யாழினி மட்டும் நடந்தாள், என்னோடு. நான் அவள் கையைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. காடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், நான் ஏறிவிடுவேன் என்று.

கிளட்ச், பட்டறைக் கூலி, வேனை இழுத்துப் போன லோரி, பத்மாவின் இரண்டு நாள் வருமானம், எல்லாம் சேர்த்து நான் பத்மாவிடம் எண்ணிக் கொடுத்தது 771 ரிங்கிட் 40 சென்.