தொடைக்கறிக்கு ரெண்டு சாட்சி

கள்ளக்குறிச்சியில் செத்துப்போனவர்கள் எல்லாரும் நடுங்குகிற ஒரே மனிதர் ‘யாருசொன்னது’ அண்ணன்தான். உயிரோடு இருப்பவர்களுக்கு அவரிடம் பயம் கிடையாது. எரிச்சல் மட்டும்தான்.

தாலுகா ஆபீஸ் போகிற சாலையில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறார். மற்ற கடைகளில் கொடுத்ததை அடித்துத் தருவார்கள். இவர் விசாரிப்பார். மாப்பிள்ளை போட்டோவில் மூக்கு கோணலாக இருந்தால்கூடக் கண்டுகொள்ள மாட்டார். ஆனால் தாத்தா, பாட்டன், பூட்டன் என்று பெயர்கள் வரிசை கட்டி வந்தால் போதும், மௌஸை விட்டுவிட்டு நாற்காலியைத் திருப்புவார்.

"இந்தப் பூட்டன் பேரு யாரு சொன்னது?"

"எங்கப்பா சொன்னாருங்க."

"அவருக்கு யாரு சொன்னது?"

"அவங்கப்பா."

"அவரு பாத்தாரா?"

"தாத்தாவுக்குத் தாத்தாவ எப்படிங்க பாக்க முடியும்?"

"அப்போ நான் எப்படிங்க அடிக்க முடியும்?"

இப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. கடைக்கு வேறு ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒரு மூதாதையர் அவர் பிளக்ஸில் ஏற வேண்டுமென்றால் இரண்டு சாட்சி வேண்டும். அதுவும் வேறு வேறு வீட்டுச் சாட்சி. "ஒரே வூட்ல பத்து பேரு சொன்னாலும் அது ஒரு சாட்சிதான் பாப்பா. ஒரே கொழாயில பத்து கொடம் புடிச்சா, பத்து கெணறுன்னு ஒத்துக்குவியா?" என்பார் என்னிடம்.

ஒருமுறை கழுத்து நிறையச் சங்கிலி போட்ட ஒருவர், மகள் மஞ்சள் நீராட்டுக்கு ‘ராஜ வம்சத்தின் இளவரசியே’ என்று அடிக்கச் சொன்னார். அண்ணன் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு, அவர் ஊருக்கே போய்விட்டார். பக்கத்து ஊரிலும் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: "உங்க பாட்டனாரு ராஜா இல்லீங்க. கூத்துல ராஜா வேஷம் கட்டினவரு. ரெண்டு ஊர்ல சொல்றாங்க." சங்கிலிக்காரர் கத்திவிட்டு எதிர்க் கடைக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "நல்லா ஆடுவாராமா?" என்று கேட்டார். "வேஷம் கட்டிக்கினு வந்தா சனம் எழுந்து நிக்குமாம்." "அப்போ அதையே போட்ருங்க."

இன்னொரு முறை, ‘நான்கு தலைமுறை கண்டவர்’ என்று கண்ணீர் அஞ்சலிக்கு வந்தார்கள். இவர் விரல் விட்டு எண்ணி, மூன்றுதான் வருகிறது என்று நிறுத்திவிட்டார்.

"கொள்ளுப்பேரன் பொறக்கப் போறான்ணா. பேத்திக்கு மாசம் ஆயிடுச்சி."

"பொறக்கட்டும். அடிச்சிடலாம்."

"யோவ், ஐஸ் பொட்டில ஆளு படுத்துக்கினு இருக்காருய்யா!"

கடைசியில் ‘நான்காம் தலைமுறையை எதிர்பார்த்திருந்தவர்’ என்று போட்டுச் சமாதானம் ஆனார்கள்.

இவ்வளவு பேசுகிறவர் தன் வம்சத்தை என்ன செய்திருக்கிறார் என்று பார்க்க எனக்கு ஆசை. அதைக் கடைச் சுவரிலேயே ஒட்டியிருந்தார். கீழே இவர், மேலே அப்பா, அதற்கு மேலே தாத்தா. அதற்கும் மேலே ஒரு காலிப் பெட்டி. தாத்தாவின் அப்பா கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர் என்று ஒருவர் சொன்னாராம். ஆற்காட்டுப் பக்கமிருந்து கிணறு வெட்ட வந்தவர் என்று இன்னொருவர். இரண்டு கதை, கதைக்கு ஒரே சாட்சி. ஆகவே பெட்டி காலி.

"ஏதாவது ஒண்ணப் போட்டுக்குங்கண்ணா. யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றேன்.

"நான் கேப்பனே பாப்பா."

அவருக்குப் பங்காளியும் கிடையாது, மாமன் மச்சானும் கிடையாது. தீபாவளியன்றும் கடை திறந்திருக்கும்.

நான் அப்போது கல்லூரி முடித்த சூட்டோடு, போனில் ஒரு ஆப் வைத்து எங்கள் வம்ச மரத்தை வளர்த்துக்கொண்டிருந்தேன். அதைக் காட்டி அவரிடம் சண்டை போடுவதற்காகவே நைனார்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வருவேன். அப்படி இருக்கும்போதுதான் எங்கள் கலை அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

காதல் கல்யாணம். களமருதூர் சதீஷும் அவளும் சின்னசேலத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். இரண்டு வீட்டிலும் முறுக்கிக்கொண்டு நின்று, அழுது, கடைசியில் சம்மதித்தார்கள். தரகர் இல்லாத கல்யாணம் என்பதால், தரகர் கேட்கிற முதல் கேள்வியைத் துருவிக் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. குலதெய்வம் என்ன என்று பேச்சு வந்தபோது இரண்டு பக்கமும் "முனியப்பன்" என்றார்கள். இந்தப் பக்கம் ஏரிக்கரைக்கு ஒரு முனியப்பன் இருப்பதால் யாரும் யோசிக்கவில்லை.

மண்டபம் பேசி, பத்திரிகைக்கு மாதிரி பார்த்து, பிளக்ஸ் அடிக்க நானும் அப்பாவும் கடைக்குப் போனோம். சதீஷின் சித்தப்பாவும் வந்திருந்தார். பிளக்ஸின் தலைப்பில் இரண்டு வீட்டுச் சாமியும் வர வேண்டும்.

"பொண்ணு வூட்டுச் சாமி முழுப்பேரு சொல்லுங்க."

"ஆலடி முனியப்பன். கரியாலூர் போற மலைப் பாதையில இருக்குதே, அது," என்றார் அப்பா.

"மாப்ள வூட்டுச் சாமி?"

சித்தப்பா வாயைத் திறந்தார். மூடினார். "அதேதாங்க."

அண்ணன் மௌஸை விட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. பங்காளி என்றால் அண்ணன் தங்கை முறை. மாலைக்குள் இரண்டு ஊரிலும் கல்யாணம் நின்றுவிட்டது. அக்கா சாப்பிடவில்லை. அம்மா, "அந்த ஆளு ஏன்டி கேட்டான்? அவன் வாயில மண்ணு விழ!" என்று அழுதாள்.

மறுநாள் காலையில் யாருசொன்னது எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"நான் கேட்டுதான் நின்னுச்சி. அதனால நான்தான் பாக்கணும்," என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஆனா பங்காளின்னே வந்துடுச்சின்னா மறைக்க மாட்டேன்மா," என்றார்.

"மறைக்க வேணாண்ணா. முழுசாப் பாத்துடுங்க," என்றாள் அக்கா.

பேசித் தீர்க்கலாம் என்று சதீஷ் வீட்டாரை வரவழைத்தோம். பேச்சு பத்து நிமிடத்தில் சண்டையானது. கல்யாணம் நின்றுபோன கோபத்தில் சித்தப்பா மார்தட்டினார்: "நாங்க இன்னா லேசுப்பட்டவங்களா? ஆடிப் பூசையில எங்களுக்குத் தொடை குடுக்குறாரு பூசாரி! முழுத் தொடை!"

"தொடை இன்னா பெரிய தொடை? எங்களுக்குத் தலையே வருது!" என்றார் அப்பா.

"தலையில இன்னாய்யா கறி இருக்குது?"

"மரியாதை இருக்குதுய்யா!"

ஆடி மாதம் ஆலடியில் பொதுக்கிடா வெட்டுவார்கள். பல ஊர்க்காரர்கள் கூடுவதால் யாருக்கும் யார் முகமும் தெரியாது. இந்த வகையறாவுக்கு இந்தப் பங்கு என்று பூசாரி பிரித்துக் கொடுப்பார். அவரவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்பா, நிறுத்துங்க! பங்காளிங்கன்னா எல்லாருக்கும் ஒரே பங்குதான வரணும்? நமக்குத் தலை, அவங்களுக்கு ஏன் தொடை?"

யாருசொன்னது என்னை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தார். நான் போனை எடுத்துச் சதீஷுக்குச் சொல்லப் போனேன்.

"போனை வை. பங்கு ஏன் மாறுதுன்னு ஆடு சொல்லாது. பூசாரியக் கேக்க மலைக்குப் போவணும்," என்றார்.

இரண்டு வீட்டாரும் ஒரே வேனில் போனோம். வேன் வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கி ஏறியது. நல்ல வேளையாக அன்று அமாவாசை; பூசாரிமேல் சாமி வந்திருந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். முனியப்பன் நாக்கைத் துருத்தி, அரிவாளைத் தரையில் ஊன்றி உறுமினார்.

"தலை வாங்குறவன் என் புள்ள வகைடா! தொடை வாங்குறவன் என் பொண்ணக் கட்டி, வூட்டோட வந்து உக்காந்த மாப்ள வகைடா! சொந்தச் சாமிய வுட்டுட்டு என்னைக் கும்பிட்டவன்டா!"

அம்மா கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். மாமன் மச்சான் முறை! கல்யாணம் செய்யலாம்! சித்தப்பா அப்பாவைக் கட்டிப்பிடிக்கப் போன நேரத்தில், பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சாமி, இது உனக்கு யாரு சொன்னது?"

ஆலமரத்துக் காக்கைகூட வாயை மூடிக்கொண்டது. சாமியின் கண் உருண்டது.

"எனக்கு... யார்ரா... சொல்லணும்?"

"கோச்சிக்காத சாமி. பூசாரிக்கு யாரு சொன்னதுன்னு கேக்குறேன்."

"அவங்கப்பன் சொன்னான்டா!" என்றது சாமி, தன்னை மறந்து.

அண்ணன் விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு எங்களிடம் திரும்பினார். "தொடை குடுக்குறவரும் பூசாரி. சாமி வர்றதும் பூசாரி மேல. ரெண்டும் சேந்து ஒரு சாட்சி. இன்னொண்ணு வேணும்."

வேனில் அவரைப் பிடித்துத் தள்ளாமல் கொண்டு வந்தது அக்காவின் பொறுமை ஒன்றுதான். ஊர் நெருங்கும்போது அப்பா வெறுப்போடு ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாத்தையும் போட்டுட்டு அலைஞ்சிக்கினு இருக்கோம். மாப்ளக் கொல்லையில மரவள்ளி தண்ணியில்லாம காயுது."

"எது? எந்தக் கொல்லை?" அண்ணன் வேன் கூரையில் தலை இடிக்க எழுந்துவிட்டார்.

"ஓடையோரக் கொல்லைங்க. தாத்தா காலத்துலருந்து அந்தப் பேருதான்."

"எந்த மாப்ள?"

இத்தனை வருடம் உழுத அப்பா அதை யோசித்ததே இல்லை.

"அந்தக் கொல்லைக்குப் பக்கத்துக் கொல்லைக்காரர் யாரு?"

அப்பாவின் முகம் சுருங்கியது. பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சை விட்டவர். எங்கள் வீட்டுச் சாவுக்கும் வராதவர். "அவன் நமக்கு நல்லதா சொல்லுவானா? வேணாங்க!"

"அதனாலதாங்க வேணும். உங்களப் புடிக்காதவரு உங்களுக்காவப் பொய் சொல்ல மாட்டாரு."

எங்கள் வேனை வரப்போரம் நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் மட்டும் இறங்கிப் போனார். கல்யாணம், முனியப்பன், தொடை எதையும் சொல்லவில்லை. நிலம் வாங்க வந்தவர்போலக் கையை நீட்டி, "இது யாரு கொல்லைங்க?" என்று மட்டும் கேட்டார். பக்கத்துக் கொல்லைக்காரர் எங்கள் காதில் விழ வேண்டும் என்றே கத்தினார்:

"இப்ப அந்தத் திமிரு புடிச்சவன் ஓட்டுறான்! அவன் பாட்டன் சொத்தா அது? களமருதூரான் கொல்லைன்னுதான் எங்க வூட்ல சொல்லுவாங்க. இந்த வூட்டுப் பொண்ணக் கட்டிக்கினு இங்கயே இருந்தானாம் ஒருத்தன். அவன் புள்ளைங்க களமருதூர் போனதும் இவனுங்க வளைச்சிக்கினானுங்க!"

அப்பா வாழ்க்கையில் முதல் முறையாக, தன்னைத் திட்டியவரைப் பார்த்துக் கும்பிட்டார். சித்தப்பா மட்டும், "அப்போ கொல்லை எங்களுதா?" என்று ஆரம்பித்தார். சதீஷின் அம்மா அவர் தொடையிலேயே கிள்ளினாள்.

யாருசொன்னது வரப்பில் நடந்து வந்து, அக்காவின் முன்னால் நின்று, "ரெண்டு சாட்சிம்மா," என்றார். பிளக்ஸ் மறுநாளே அடித்துக் கொடுத்தார். மேலே ஒரே முனியப்பன், பெரிதாக.

கல்யாணம் முடிந்து வந்த ஆடியில் அவரையும் ஆலடிக்கு அழைத்துப் போனோம். சாமி அவரைக் கண்டதும் அந்தப் பக்கம் திரும்பி ஆடியது. தலைக்கறியைக் கோயிலிலேயே சமைத்து, பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்தோம். ஒதுங்கி நின்றவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, அப்பா அவர் இலையில் கறியை வைத்தார்.

அவர் சாப்பிடவில்லை. "இது தலைக்கறிங்க. பங்காளிக்குத்தான். நான் உங்களுக்குப் பங்காளின்னு யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்," என்றார் அப்பா.

"நீங்க ஒரு வூடு. ஒரு சாட்சி."

தொடைப் பங்குக்காரர்களோடு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த கலை அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"நான் இப்ப களமருதூருங்கண்ணா. வேற வூடு. நானும் சொல்றேன்."

எதிர்க் கேள்வி ஏதாவது வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. அவர் சோற்றைப் பிசைந்தார்.

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். சுவரில் மேல் பெட்டி காலியாகத்தான் இருந்தது. அவர் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் புதிதாக ஒரு கோடு ஓடி, அதன் முனையில் எங்கள் அப்பா பெயர் இருந்தது. நான் அப்பா வீட்டு ஆள். நான் சொன்னால் தனிச் சாட்சியாகக் கணக்கில் வராது. இருந்தாலும் இங்கே சொல்லி வைக்கிறேன்: அவர் எங்க ஆளு.